கொடுத்திருப்பேன்

மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாளே, அவளுக்குத் தெருவில் வைத்த பெயர் ஒருவேளையக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி வீடு எங்கே என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரியே உதட்டைப் பிதுக்குவாள். எந்தப் பேச்சை எடுத்தாலும் "ஒருவேளை" என்றுதான் ஆரம்பிப்பாள். யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினால், "ராஜா மாதிரி இருக்கான். ஒருவேளை மாடிச் சுவர்ல ஏறிட்டான்னா?" என்பாள். புது அடுப்பு வாங்கியவளிடம், "நல்லா இருக்கு, ஒருவேளை குழாய் கசிஞ்சா?" என்பாள். மனதில் கெடுதல் எள்ளளவும் கிடையாது. ஆனால் வாழ்த்தை ஊட்டும்போதே பயத்தையும் பிசைந்து ஊட்டிவிடுவாள். பாதிப் பேர் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

பயந்தாங்கொள்ளி என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அதை ஒத்துக்கொள்ள முடியாது. பயந்தாங்கொள்ளி என்றால் ஓடி ஒளிந்துகொள்வான். இவள் ஒரு நாளும் ஒளிந்ததில்லை. வேலைக்குப் போனாள், பிள்ளை பெற்றாள், கட்டிக்கொடுத்தாள். பயத்தையும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்தாள், அவ்வளவுதான்.

அந்தப் பயம் எங்கே ஒட்டிக்கொண்டது என்பதும் தெரிந்த கதைதான். சிறு பிள்ளையாக இருந்தபோது அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சந்து வழியாக நடந்து போனாள். நடுவழியில் செருப்பு வார் பிடுங்கிக்கொண்டது. அம்மா திட்டிக்கொண்டே குனிந்து அதைச் சொருகிக்கொண்டிருக்கும்போது, பத்தடி முன்னால் ஒரு பழைய சுவர் 'பொத்'தென்று தெருவில் சாய்ந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. புழுதி அடங்கியதும் அம்மா, "தப்பிச்சோம்டி" என்று சிரித்துவிட்டு நடையைக் கட்டினாள். பிள்ளை மட்டும் நகரவில்லை. "அம்மா, வார் பிடுங்காம இருந்திருந்தா?" என்று கேட்டாள். "அதான் பிடுங்கிடுச்சே!" என்றாள் அம்மா. "பிடுங்காம இருந்திருந்தா?" வீடு போய்ச் சேரும் வரை அதே கேள்வி. பதில் இன்னும் வரவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு வாழ்க்கை. ஒன்று எல்லாரையும் போல நடந்துகொண்டிருக்கிற வாழ்க்கை. இன்னொன்று, நடந்திருக்கக் கூடிய வாழ்க்கை. அதில் அவள் செங்கல்லுக்கு அடியில் கிடந்தாள்.

வாய்த்த புருஷன் பூட்டு ரிப்பேர்க்காரர். "இவளுக்குன்னு தேடிப் பிடிச்ச மாப்பிள்ளைடா" என்று உறவுக்காரர்கள் கேலி பண்ணினார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார்கள். அங்கே நின்றுவிடுவாள்.

"ஏங்க, பூட்டினோமா?"

"பூட்டினேன்."

"நல்லா இழுத்துப் பார்த்தீங்களா?"

"ஏய் ஒருவேளை, உன்னை மாதிரி எல்லாரும் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தா, பூட்டுக்காரன் எப்படிடி பிழைக்கிறது? மறக்கிறவனாலதான் நமக்குச் சோறு. வா பேசாம."

வரமாட்டாள். போய் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். அவரும் அங்கேயே நின்று பல் குத்திக்கொண்டிருப்பார். அப்படியே காலம் ஓடியது.

மருந்துக்கடையில் பெரிய முதலாளி இருந்த காலத்திலேயே சேர்ந்தவள் அவள். அவர் போனபின் மகன் உட்கார்ந்தான். அவனைச் சின்ன முதலாளி என்பார்கள். நல்ல பிள்ளைதான், ஆனால் அவசரக்காரன். சாமான் வந்தால் பிரித்துப் பிரித்து அங்கங்கே வீசுவான். அவள் பின்னாலேயே போய் ஒவ்வொன்றையும் எடுத்து, எழுத்தைக் கூட்டிப் படித்து, அதனதன் டப்பாவில் வைப்பாள். "ஒருவேளை மாறிடுச்சுன்னா?" என்பாள். "மாறாதுக்கா" என்பான் அவன்.

அந்த நாள் காலையில் அவள் வருவதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவனே கடையைத் திறந்து, வந்திருந்த சரக்கைப் பிரித்து அடுக்கி, ஓரிருவருக்கு மருந்தும் கொடுத்து முடித்திருந்தான். அடுக்கியதை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று அவள் நினைப்பதற்குள் கூட்டம் வந்துவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். வியர்த்து வழிந்தபடி நின்றாள். அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன், கட்டைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், சாயங்காலம் டீ குடித்ததும் முதல் சொட்டு விட வேண்டும் என்று சீட்டை நீட்டினாள். அவ்வளவுதான், ஒருவேளையக்காவுக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது.

"பார்த்தும்மா, கண்ணு விஷயம். ஒருவேளை தூசி விழுந்துட்டா?"

"அதை ஏன் கேக்கறீங்க! எதிர்லயே பழைய கட்டடத்தை இடிக்கிறாங்க. வீடு பூரா புழுதி. ஜன்னல்ல பச்சை பெட்ஷீட்டைக் கட்டி மூடி வச்சிருக்கேன்."

"ஒருவேளை அது அவுந்துக்கிச்சுன்னா?"

"அம்மா தாயே, லிப்ட் வேற ஓடலை, நாலு மாடி ஏறணும். மருந்தைக் கொடுங்க, நான் போறேன்."

மருந்தைக் கொடுத்தாள். அந்தப் பெண் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, கண் உறுத்துகிறது என்று இன்னொருவர் வந்து அதே சொட்டு மருந்தைக் கேட்டார். கண் மருந்து டப்பாவுக்குள் கையை விட்டாள். கையில் வந்தது வெள்ளை பாட்டில், நீல மூடி, விரல் அளவு. பில் போடப் போனவள் எதற்கோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்தைப் பார்த்தாள். கண் மருந்து இல்லை. கால் ஆணிக்குப் போடுகிற மருந்து. காய்த்துப்போன தோலையே கரைத்து உரித்தெடுக்கிற திராவகம். அதுவும் வெள்ளை பாட்டில், அதுவும் நீல மூடி, அதுவும் விரல் அளவுதான். புதுச் சரக்கை அடுக்கினவன் கை தவறி ஒன்றை அங்கே போட்டிருக்கிறான்.

வந்தவருக்குச் சரியானதைப் பார்த்துக் கொடுத்து அனுப்பினாள். அப்புறம் டப்பாவையே கவிழ்த்துப் பார்த்தாள். மீதி எல்லாம் கண் மருந்துதான். ஒன்று மட்டும் தப்பி வந்திருந்ததா, ஒன்றுக்கு மேல் வந்து அதில் ஒன்று போய்விட்டதா? பில்லில் கண் மருந்து என்றுதான் இருந்தது. ஆனால் பில் அடிக்கிற விரலுக்கு எடுக்கிற கை எதை எடுத்தது என்று எப்படித் தெரியும்? வாய் பச்சை பெட்ஷீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது, கை தானாகப் போய் எடுத்து வந்தது. அந்த பாட்டிலின் எழுத்தைப் பார்த்த நினைவே இல்லை.

சின்ன முதலாளியிடம் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது.

"நீங்க கண் மருந்துதானேக்கா கொடுத்தீங்க?"

"அதத்தான் தம்பி கொடுத்திருப்பேன்."

"கொடுத்திருப்பேனா? அதென்ன பேச்சு? கொடுத்தேன்னு சொல்லுங்க."

"சொல்ல வரமாட்டேங்குதே."

நம் பேச்சில் இந்த 'இருப்பேன்' இருக்கிறதே, அதைப் போலக் காலை வாரிவிடுகிற சொல் வேறு இல்லை. "நேற்றே வந்திருப்பேன், மழை பிடித்துக்கொண்டது" என்றால், வரவில்லை என்று அர்த்தம். "சாவியை அங்கேதான் வைத்திருப்பேன்" என்றால், வைத்தேன் என்றுதான் நினைப்பு. நடந்ததற்கும் அதே வால்தான், நடக்காததற்கும் அதே வால்தான். மற்ற நாளில் அதில் வழுக்கி விழுந்தால் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு போகலாம். அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு நடுவில் ஒரு கிழவியின் கண் மாட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, கொடுத்தேன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. அந்தம்மா போன் நம்பரும் இல்ல, வீடும் தெரியாது. ஏதாவது தப்புன்னா அவங்களே வருவாங்க, பார்த்துக்கலாம்."

"கண்ணு போன பிறகு எதைப் பார்த்துக்கிறது?"

"கத்தாதீங்க, ஆள் வர்ற நேரம்! கடையை விட்டு இப்ப இறங்கினா நாளைக்கு வரவேண்டாம், சொல்லிட்டேன்."

அவள் டப்பாவிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். எழுத்தைக் கூட்டிப் படித்தாள். மறுபடியும் படித்தாள். முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிவிட்டாள்.

எங்கே போவது? பக்கத்தில் பழவண்டி நின்றது.

"ஏம்ப்பா, இங்க கட்டடம் இடிக்கிறது எந்தப் பக்கம்?"

"எதைக்கா? எல்லாத்தையும்தான் இடிக்கிறாங்க. நீ எதைக் கேக்கறே?"

"எதிர்ல நாலு மாடி வீடு இருக்கும். லிப்ட் ஓடாது."

"லிப்ட் ஓடுற வீட்டைக் கேட்டிருந்தா சீக்கிரம் சொல்லியிருப்பேன்" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "பழைய அச்சாபீஸை இடிக்கிறாங்க. வாய்க்கால் தாண்டி ரெண்டாவது தெரு. ஓடாதக்கா, விழுந்து வைக்காதே."

ஓடினாள். அந்த வயதில் அந்த உடம்பு ஓடியதை யாரும் பார்த்ததில்லை. வழிநெடுக டீக்கடைகளில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கிளாஸும் கிணுகிணுக்கும்போது முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டீ குடித்ததும் முதல் சொட்டு என்றாளே! குடித்திருப்பார்களா? மகள் பாட்டிலைக் குலுக்கியிருப்பாளா? அம்மாவைச் சாய்த்து உட்காரவைத்து, இமையை விரலால் விலக்கியிருப்பாளா? நடந்திருக்கக் கூடிய அந்த இன்னொரு வாழ்க்கை அவளுக்கு முன்னால் அவளைவிட வேகமாக ஓடியது. அங்கே சொட்டு விழுந்துவிட்டது. அங்கே கிழவி அலறிவிட்டாள்.

தெரு முழுக்க வெள்ளைப் புழுதி. அச்சாபீஸின் முன்சுவர் மட்டும் மீதி நின்றது. பக்கவாட்டில் ஒன்றும் இல்லாமல், வாய் பிளந்த ஜன்னல்களோடு, தெருப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து நின்றது. அதற்கு எதிரே நாலாவது மாடியில் பச்சைத் துணி. பார்த்துவிட்டாள். ஆனால் குறுக்கே கயிறு கட்டி ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

"நில்லும்மா! சுவரைத் தள்ளப் போறாங்க. அந்தப் பக்கமா சுத்திப் போ."

"சுத்திப் போனா எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆகும். உசிரு முக்கியமா, நேரம் முக்கியமா?"

அவள் சுவரை அண்ணாந்து பார்த்தாள். வாழ்நாள் முழுக்க அவள் கனவில் விழுந்துகொண்டிருந்த சுவர் அது. கால் தரையில் ஒட்டிக்கொண்டது. செருப்பு வார் பிடுங்கிவிட்டதா என்றுகூடக் குனிந்து பார்த்தாள், கெட்டியாகத்தான் இருந்தது. நிற்பதற்குச் சாக்கு ஒன்றும் இல்லை. கயிற்றைத் தூக்கினாள். "யம்மா! ஏய்!" என்று அவன் கத்துவது பின்னால் கேட்டது. சுவரின் நிழலுக்குள் புகுந்து, மறுபக்கம் வெளியே வந்தாள். சுவர் விழவில்லை. விழுந்திருந்தால் என்று நினைக்க அவளுக்கே அப்போது நேரமில்லை.

கீழே காவல்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"நாலாவது மாடி, கண் ஆபரேஷன் பண்ணின அம்மா..."

"ஆமா, இருக்காங்க. மக மருந்து வாங்கிட்டு மேல போச்சே. இந்நேரம் விட்டிருப்பாங்க."

விட்டிருப்பாங்க! அந்த வாலை இன்னொருவர் வாயிலும் கேட்டதும் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மேலே ஏற ஏறக் காது அடைத்தது. மூன்றாவது மாடி திரும்பும்போது மேலிருந்து குரல் வந்தது. வயசான குரல்.

"எரியுதுடி! ஐயோ, எரியுதே!"

மீதிப் படிகளை அவள் எப்படி ஏறினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கதவு திறந்துதான் இருந்தது. கிழவி சாய்வு நாற்காலியில் முகத்தில் துண்டை வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காலி டீ டம்ளர். மகள் கையில் வெள்ளை பாட்டில், நீல மூடி.

"அதைக் கொடும்மா" என்றாள். கையையும் நீட்டினாள். மகள் பயந்துபோய்க் கொடுத்துவிட்டாள். ஒருவேளையக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து எழுத்தைக் கூட்டினாள். கண்ணாடியில் வியர்வை. துடைத்துவிட்டு மறுபடி கூட்டினாள். கண் மருந்துதான். ஒவ்வொரு எழுத்தும் கண் மருந்துதான்.

"எரியும்னு டாக்டரே சொன்னாருல்லம்மா? கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று கிழவியை அதட்டிவிட்டு மகள் திரும்பினாள். "நீங்க மருந்துக்கடைக்காரம்மாதானே? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை."

"ஒண்ணும் ஆகலைன்னா ஏன் நாலு மாடி ஏறி வந்தீங்க?"

அங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இந்தப் பக்கம் வந்தேன், தண்ணீர் குடிக்க ஏறினேன் என்று சொல்லியிருந்தால், தண்ணீர் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அவளுக்குப் பொய் வராது. டப்பாவைச் சொன்னாள், கால் ஆணி மருந்தைச் சொன்னாள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மகள் முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது. "என் கைக்கு அந்த பாட்டில் வந்திருந்தா?"

"வரலையேம்மா. பார்த்துட்டேனே."

"வந்திருந்தா நான் விட்டிருப்பேன். எழுத்தைப் பார்த்திருக்கவே மாட்டேன். என் கையாலேயே எங்கம்மா கண்ணுல விட்டிருப்பேன்." அவள் தன் கையையே பார்த்தாள், யாருடைய கையோ போல.

கிழவி துண்டை விலக்கினாள். "எதை விட்டிருப்பேடி? என்ன பேச்சு அங்க? இனிமே அந்த மருந்து எனக்கு வேண்டாம், போ!"

"வேண்டாம்மா, விடமாட்டேன்" என்றாள் மகள்.

அதைக் கேட்டதும் ஒருவேளையக்கா பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். "ஐயோ, விடாம இருக்கக் கூடாதும்மா! சீழ் பிடிச்சா கண்ணு போயிடும். இது சரியான மருந்துதான்."

"சரியா இருக்கும்ங்கறீங்களா, சரிங்கறீங்களா?"

"சரி."

"பாட்டில் சரி. உள்ள இருக்கிறது? ஒருவேளை லேபிளே மாறியிருந்தா?"

ஒருவேளை. அவளுடைய சொல்தான் அது. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் ஊட்டிய பயம், இன்றைக்கு முதல் தடவையாக எதிரே நின்று அவளையே கேட்டது.  இப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது, அது அவளைவிட யாருக்குத் தெரியும்? காப்பாற்ற ஓடிவந்த கண்ணை, சொன்ன உண்மையாலேயே கெடுத்துவிட்டோமே என்று ஒரு கணம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். மூடியைத் திருகினாள்.

"என்ன பண்றீங்க?"

"என் கண்ணுல விட்டுக்கிறேன். முனை படாம தூக்கிப் பிடிச்சு விடறேன், நீ பார்த்துக்கோ."

தலையை அண்ணாந்தாள். பாட்டில் தலைகீழாக மேலே நின்றது. எழுத்தைப் படித்தாயிற்று, கிழவி கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் தெரியும். ஆனாலும் அந்த முனையில் துளி திரண்டு தொங்கியபோது, அது ஒரு சுவர் மாதிரி அவள்மேல் சாய்ந்துகொண்டு நின்றது.  துளி விழ மாட்டேன் என்றது. அவளும் இமையை மூட மாட்டேன் என்றாள்.

விழுந்தது.

"ஆ" என்றாள். கண்ணீர் தாரையாக இறங்கியது.  வெளியே பெரிய சத்தத்தோடு அச்சாபீஸ் சுவர் விழுந்தது. ஜன்னல் துணி உப்பி அடங்கியது.

"எரியுதாம்மா?" என்றாள் மகள்.

"எரியுது."

"அப்புறம்?"

மற்றக் கண்ணை மூடி, மருந்து விட்ட கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டித் திறந்தாள். "தெரியுது. நீ தெரியற. உங்கம்மா தெரியறாங்க. பச்சைத் துணி தெரியுது."

கிழவி நாற்காலியிலிருந்து, "எனக்கும் அப்படித்தான்டி. எரியுது, ஆனா தெரியுது. அதைச் சொல்ல விட்டாத்தானே" என்றாள். ராத்திரி சொட்டை மறக்காமல் விடுவதாக மகள் கையில் அடித்துச் சொன்ன பிறகுதான் ஒருவேளையக்கா எழுந்தாள்.

கடைக்குத் திரும்பும்போது வேலை போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டே வந்தாள். அது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. சின்ன முதலாளி பாதிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான்.

"சரியாத்தான் இருந்துச்சு தம்பி" என்றாள். அவன் சந்தோஷப்படவில்லை. கால் ஆணி மருந்து டப்பாவைக் கொட்டி மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தான்.

"அக்கா, நீங்க எடுத்ததையும் சேர்த்து எண்ணிட்டேன், சரக்குச் சீட்டுப்படி இன்னும் ஒண்ணு குறையுது."

"வித்திருக்கும்."

"இல்லக்கா. இன்னைக்கு ஒண்ணும் விக்கலை." மேஜைமேல் இருந்ததை மறுபடி விரலால் எண்ணினான். "காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி, ஒரு பெரியவர் வந்தாரு. தொப்பி போட்டிருந்தாரு. கண்ணுக்குக் கேட்டாரு. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

"யார் அவர்?"

"தெரியாது."

அவள் அவனையே பார்த்தாள். ஒரு கண் இன்னும் சிவந்திருந்தது. "தம்பி, கண் மருந்துதானே கொடுத்தீங்க?"

"அதத்தான்..." என்று ஆரம்பித்தான். கொடுத்தேன் என்று முடிக்கத்தான் வாயைத் திறந்தான். வரவில்லை. "கொடுத்திருப்பேன்" என்றான்.

அன்றைக்குப் பொழுது சாயும் வரை இருவரும் தெருத்தெருவாகத் தேடினார்கள். தொப்பி போட்ட எத்தனையோ பெரியவர்களை நிறுத்திக் கேட்டார்கள். பூட்டுக்காரரும் தன் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே அலைந்தார், வழியில் ஒரு கேலிகூடப் பேசாமல். மருந்துக்கடை வாசலில் எழுதி ஒட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பயந்து நாலு பேர் தங்கள் பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார்கள். எல்லாம் கண் மருந்து. அந்தப் பெரியவர் வரவில்லை.

குறைந்த பாட்டில் சரக்கு வரும்போதே குறைந்திருக்கலாம். அவருக்குச் சரியான மருந்தே போயிருக்கலாம். வெளியூர்க்காரராக இருந்திருக்கலாம். பூட்டுக்காரர் இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். அவளும் தலையை ஆட்டினாள். வேலையிலிருந்து அவளை யாரும் நிறுத்தவில்லை. இன்றைக்கும் அந்தக் கடையில் மருந்து வாங்கினால், பாட்டிலின் பெயரை அவள் உரக்கப் படிப்பாள், வாங்குகிறவரும் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் கையில் கிடைக்கும். சின்ன முதலாளியும் அப்படித்தான் கொடுக்கிறான். அவளை ஒருவேளையக்கா என்று யாராவது கூப்பிட்டால் அவன் சிரிப்பதில்லை.

தொப்பி போட்ட ஆள் யார் கடைக்குள் நுழைந்தாலும், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன், இரண்டு பேரும் அவர் கண்ணைத்தான் பார்க்கிறார்கள்.